கூலண்ட் வெப்பநிலை சென்சாரை மாற்றிய பிறகும் பி0118 திரும்ப வருகிறது: பழுது எங்கே?

கேள்வி

என்னுடைய பெட்ரோல் காரில் சில வாரங்களாக எஞ்சின் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. ஸ்கேனரில் பி0118 என்ற பிழைக்குறி வந்ததால், கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் போய்விட்டது என்று சொல்லிப் பணிமனையில் புதியதைப் பொருத்திக் கொடுத்தார்கள். சிறிது காலம் தொந்தரவில்லாமல் ஓடிய வண்டியில் இப்போது அதே குறி மறுபடியும் வந்திருக்கிறது.

விளக்கு எரியும் நேரங்களில், எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. நன்றாகச் சூடான வண்டியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது, புகைக்குழாயில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. ஆனால் டாஷ்போர்டில் உள்ள வெப்பநிலை முள் மட்டும் வழக்கம்போல நடுவிலேயே நிற்கிறது. முள் சரியாக இருக்கும்போது சென்சாரைக் குறை சொல்ல முடியுமா? இன்னொரு சென்சார் வாங்குவதற்கு முன் நானே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்? மல்டிமீட்டரும், நேரடி அளவுகளைக் காட்டும் சிறிய ஸ்கேனரும் கைவசம் உள்ளன.

பதில் 1

முதலில் முள்ளை மறந்துவிடுங்கள். சில வண்டிகளில் முள்ளுக்கென்று தனி சென்சார் இருக்கும். வேறு சிலவற்றில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.தான் முள்ளை இயக்குகிறது, அதுவும் ஓட்டுநர் பதற்றப்படக்கூடாது என்பதற்காகக் குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்குள் அதை நடுவிலேயே நிறுத்தி வைக்கிறது. இரண்டில் எதுவானாலும் அந்த முள் உங்களுக்குச் சாட்சி சொல்லாது.

பி0118 என்பது சென்சார் கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு அல்ல; அந்தச் சர்க்யூட்டில் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது என்ற தகவல் மட்டுமே. ஈ.சி.யூ. தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டைச் சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர். பரவலாகப் புழங்கும் வகையில் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் வண்டிக்குரிய அட்டவணையைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயர் எங்காவது விட்டுப்போனால் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். ஈ.சி.யூ. அதை மைனஸ் 40 டிகிரி என்று புரிந்துகொள்ளும். எஞ்சின் உறைகுளிரில் இருப்பதாக எண்ணிக் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். பழுது என்று உணர்ந்துவிட்டால், எஞ்சின் கொதித்துவிடக்கூடாதே என்று ஃபேனையும் ஓடவிடும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அனைத்தும் இதற்குள் அடங்கிவிடுகின்றன.

சோதனைக்கு வருவோம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்கேனரில் மைனஸ் 40 அல்லது அதையொட்டிய அளவு தெரிய வேண்டும். பிறகு கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைத்தால், அளவு 130 டிகிரிக்கு மேல் எகிற வேண்டும். இரண்டும் நடந்தால், அந்த நேரத்தில் ஈ.சி.யூ.வும் ஒயரிங்கும் வேலை செய்கின்றன என்று பொருள். இரண்டு பின் உள்ள சென்சாருக்கு மட்டுமே இது பொருந்தும். மூன்று, நான்கு பின்கள் இருந்தால் ஒயரிங் வரைபடம் இல்லாமல் எதையும் எதனுடனும் இணைக்க வேண்டாம். சில ஈ.சி.யூ.க்கள் பிழையைக் கண்டதும் தாமாகவே ஒரு மாற்று அளவை எடுத்துக்கொண்டு அதையே ஸ்கேனரிலும் காட்டும் என்பதால், குறியை அழித்துவிட்டுச் சோதிப்பது நல்லது.

பதில் 2

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலண்ட் வெப்பநிலையையும், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டும் ஓரிரு டிகிரிக்குள் ஒத்திருந்தால் நல்லதுதான்; ஆனால் அதோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். கனெக்டரில் பச்சை பூத்து 100 ஓம் கூடுதல் மின்தடை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் 2,500 ஓம் 2,600 ஆவதால் ஒரு டிகிரிகூடத் தவறாது. அதே 100 ஓம், சூடான நிலையில் 300 ஓமை 400 ஆக்கிவிடும். அளவு ஏறத்தாழ 10 டிகிரி குறைத்துக் காட்டும். காலையில் தேறிய சர்க்யூட் மதியம் பொய் சொல்வது இப்படித்தான். ஆகவே சூடான நிலையிலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

அகச்சிவப்பு வெப்பமானியால் சரிபார்ப்பதானால், பளபளக்கும் அலுமினியத்தின் மீது நேரடியாகக் காட்டினால் அளவு குறைவாகவே வரும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மீது காட்டுங்கள். கூலண்ட் அளவையும் பாருங்கள், ஆனால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சென்சாரின் முனை கூலண்டில் மூழ்காமல் காற்றுக் குமிழிக்குள் நின்றால், சென்சார் புத்தம் புதிதாக இருந்தாலும் அளவு தாறுமாறாகத்தான் இருக்கும்.

கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிப்பவர்களும் வரலாம். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அளவு மெதுவாக ஏறும், வேகமாக ஓட்டும்போது இறங்கும், பெரும்பாலும் எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்று சொல்லும் பி0128 வரும். அளவு திடீரென்று மைனஸ் 40-க்குத் தாவாது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். கழற்றியபோது மைனஸ் 40, இணைத்தபோது 140 காட்டியது. காலையில் இரண்டு வெப்பநிலைகளும் ஒத்திருந்தன. எஞ்சினை ஓடவிட்டபோது அளவு தடங்கலின்றி 90 வரை ஏறியது. அந்த நிலையில் கனெக்டருக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களை, ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாதபடி, மெல்ல அசைத்தேன். அளவு சட்டென்று மைனஸ் 40-க்கு விழுந்து, கையை எடுத்ததும் 90-க்குத் திரும்பியது. சிறிது நேரத்தில் ஃபேனும் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிட்டது.

பதில் 1

அப்படியானால் சென்சார் நல்லதுதான். பழையதும் நல்லதாகவே இருந்திருக்கலாம். புதியதைப் பொருத்தியபோது கனெக்டரைக் கழற்றி மாட்டியதில் தொடர்பு தற்காலிகமாகச் சரியாகியிருக்க வேண்டும். பழுது கனெக்டரின் பெண் முனையிலோ (சென்சாரின் பின் நுழையும் துளை), அதற்குப் பின்னால் ஒயர் கிரிம்ப் செய்யப்பட்ட, அதாவது நசுக்கிப் பொருத்தப்பட்ட, இடத்திலோ இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி, அதே தடிமனுள்ள பின் ஒன்றை ஒவ்வொரு முனையிலும் நுழைத்துப் பாருங்கள்: வெளியே எடுக்கும்போது சற்றுப் பிடிப்பு தெரிய வேண்டும், தொளதொளவென்று வந்தால் முனை விரிந்துவிட்டது. மல்டிமீட்டரின் கூரிய முனையை அதற்குள் திணிக்க வேண்டாம். நல்ல முனைகள் விரிவதற்கே அது ஒரு முக்கியக் காரணம். பின்பக்கமாக, ஒயர் நுழையும் வழியில் மெல்லிய ஊசி முனையைச் செலுத்தி அளவெடுங்கள்.

முனை பிடித்தாலும், ஒயரை லேசாக இழுக்கும்போது மேலுறை மட்டும் ரப்பர்போல நீண்டால், உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. எதுவானாலும் குட்டையான ஒயர்களோடு சேர்ந்து வரும் புதிய கனெக்டரை வாங்கி, இரண்டு இணைப்புகளையும் வெவ்வேறு இடத்தில் வரும்படி ஒட்டி, வெப்பத்தில் சுருங்கும் உறையைப் போட்டுவிடுங்கள். ஒயர் இறுக்கமாக நிற்காமல் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். பிறகு குறியை அழித்து, குளிர்ந்த நிலையிலிருந்து ஃபேன் தானாக ஓடும் வரை அளவைக் கவனித்து, இடையில் மறுபடியும் ஒயரை அசைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.