வீட்டுக் கடனை முன்னாடியே முடிக்கும்போது ரொக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பேங்க்ல கேட்டா என்ன காட்டணும்?

முதுநகர்:
பான் (வருமான வரிக் கணக்கு எண்) கேட்கக் கூடாதுன்னு, கையில இருக்கிற ரொக்கத்தை 49,000, 49,000-னு பிரிச்சு ஒரு வாரம் கட்டுறதுதான் நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற யோசனை. மாட்டுறதும் அதுலதான். பேங்க் சாஃப்ட்வேர் அந்த மாதிரிக் கட்டுறதைத்தான் முதல்ல எடுத்துக் காட்டும். சந்தேகம்னு பட்டா தொகை சின்னதா இருந்தாலும் மத்திய அரசோட நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் போகும். பான் கொடுத்து ஒரே தடவையில கட்டிட்டா கேள்வி ஒண்ணோட முடியும். சேமிப்புக் கணக்குல ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரொக்கம் சேர்ந்தா வருமான வரித் துறைக்குத் தானாப் போயிடும். அது தப்பு இல்ல, கணக்கு காட்டணும், அவ்வளவுதான்.

பண்ருட்டிக்காரன்:
முந்திரி, பலா வித்த காசுன்னா மண்டிச் சீட்டு, சிட்டா, அடங்கல் மூணும் வேணும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லைன்னு வாயால சொன்னா மேனேஜர் எழுதிக்க மாட்டார். நகை வித்ததுன்னா கடை கொடுத்த ரசீது. மனை வித்ததுலதான் சிக்கலே: 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கியிருந்தா, வாங்கின அளவுக்கே அபராதம் வரலாம். முன்பணத்துக்கும் அதேதான். மாமனார் கைமாத்தாக் கொடுத்தாலும் பேங்க் வழியாவே வரட்டும்.

வில்லியனூர்:
முதுநகர் அண்ணன் சொன்னதோட ஒண்ணு. கடன் பேங்க்ல இல்லாம தனியார் வீட்டுக்கடன் கம்பெனியில இருந்தா 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமாத் திருப்பிக் கட்டவே கூடாது. சேமிப்புக் கணக்குல போட்டு அங்கேர்ந்து மாத்துங்க.

தனிநபர் பேர்ல மாறும் வட்டிக் கடன்னா முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. நிலையான வட்டின்னா ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க.

கடன்ல ஒரு பகுதியை மட்டும் முன்னாடியே கட்டுறவங்க எழுத்துல கேளுங்க: “தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறைங்க.” 30 லட்சம், 8.5%, 20 வருஷம்னா தவணை சுமார் 26,035. முதல் வருஷ முடிவுல 2 லட்சம் சேர்த்துக் கட்டினா 34 மாசம் குறையும். சொல்லாம விட்டா சில கிளைகள்ல தவணையைத்தான் குறைக்கிறாங்க, வட்டியில பெருசா மிஞ்சாது.

கெடிலக்கரை:
முழுசா முடிக்கிறப்ப, மொத்தம் எவ்வளவு கட்டணும்னு பேங்க் எழுதித் தர்ற முடிப்புத் தொகைக் கடிதம் வாங்குங்க. அதுல ஒரு நாள் வட்டி எவ்வளவுன்னு இருக்கும். வெள்ளிக்கிழமைக் கணக்கை வச்சுத் திங்கள்கிழமை கட்டினா மூணு நாள் வட்டி பாக்கி நின்னு கணக்கு மூடாது. இதுல ஏமாறுறவங்கதான் அதிகம். தானியங்கித் தவணைப் பிடித்தத்தையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க.

மூலப் பத்திரம் 30 நாளுக்குள்ள வரணும். பேங்க் பக்கத்துல தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது 2023 டிசம்பர் 1-லேர்ந்து நடைமுறையில இருக்கு. வாங்கும்போது, கடன் கொடுத்தப்ப தந்த ஆவணப் பட்டியலோட ஒவ்வொரு தாளா ஒத்துப் பாருங்க.

கடைசியா, புதுச்சேரிக் கிளையில கடன், கடலூர்ல வீடுங்கிறவங்களுக்கு: ஆவண ஒப்படைப்பு ஒப்பந்தம் (பத்திரத்தைக் கடனுக்கு ஈடா பேங்க்ல கொடுத்ததுக்கான எழுத்து) பதிவாகியிருந்தா, கடன் தீர்ந்துச்சுன்னு பேங்க் தர்ற ரசீது ஆவணமும் சொத்து இருக்கிற கடலூர்ப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்துலதான் பதியணும். பேங்க் சார்புல கையெழுத்துப் போட ஆள் வரணும்கிறதால தேதியை முன்னாடியே பேசி வச்சுக்குங்க. பதிஞ்சப்புறம் வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கான்னு பாருங்க.