பெலாஜிக் த்ரெஷரா, காமன் த்ரெஷரா? படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

அலைவாய்:
பிலிப்பைன்ஸில் மலபாஸ்குவா தீவுப் பக்கம் டைவ் போன நண்பர் ஒரு சுறா படம் அனுப்பியிருக்கிறார். உடம்பு எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு வால், அதனால் த்ரெஷர் சுறா என்பதில் சந்தேகமில்லை, அதில் எந்த வகை என்பதில்தான் சண்டை. அவர் காமன் த்ரெஷர் என்கிறார், நான் பெலாஜிக் என்று வாதாடுகிறேன், ஆனால் காரணம் கேட்டால் முழிக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

நீலத்திமிங்கிலம்:
முதலில் மார்புத் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். வயிற்று வெள்ளை துடுப்புக்கு மேலேயும் ஏறித் திட்டாக நின்றால் காமன். துடுப்புக்கு மேல் கருநீலமாகவே இருந்து, வெள்ளை கீழேயே நின்றுவிட்டால் பெலாஜிக். அந்த ஒரு இடம் தெளிவாக இருந்தால் பாதி சண்டை முடிந்தது. அப்புறம் துடுப்பின் வடிவம்: காமனுக்கு அரிவாள் மாதிரி வளைந்து நுனி கூராக இருக்கும், பெலாஜிக்குக்கு நேராக, நுனி கொஞ்சம் அகலமாக.

கரைவலை:
அவ்வளவு கஷ்டம் எதற்கு, பெரிதாக இருந்தால் காமன், சின்னதாக இருந்தால் பெலாஜிக்.

நீலத்திமிங்கிலம்:
அது ஓடாது. காமன் 5 மீட்டரைத் தாண்டும், பெலாஜிக் பெரும்பாலும் 3 மீட்டர் சுற்றித்தான், சரி. ஆனால் இளம் காமனும் 3 மீட்டர்தானே இருக்கும்? தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாக வேறு தெரியும். இடம் ஓரளவு உதவும். அட்லாண்டிக்கில் எடுத்த படம் என்றால் பெலாஜிக் கிடையாது, அது இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் மட்டும்தான். காமன் குளிர்ந்த கடல்வரை போகும், ஏனென்றால் நீந்த உதவும் சிவப்புத் தசையை, சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்ளும் ரத்தநாள அமைப்பு அதற்கு உண்டு, பெலாஜிக்குக்கு இல்லை.

பாசி:
மலபாஸ்குவா என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே கடலடித் திட்டுகளுக்கு விடியற்காலையில் வருவது பெலாஜிக்தான், குட்டி மீன்கள் உடம்பில் ஒட்டியதைக் கொத்திச் சுத்தம் செய்யட்டும் என்று மெதுவாக வட்டமடிக்கும். வாலைச் சாட்டை மாதிரி தலைக்கு மேல் வீசி மத்திக் கூட்டத்தை அடிப்பதை வீடியோ ஆதாரத்தோடு 2013-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்களே, அதுவும் பெலாஜிக்தான், அதே பிலிப்பைன்ஸ்தான். காமனும் வாலால் அடிக்கும், அதனால்தான் தூண்டிலில் வாய் மாட்டாமல் வால் மாட்டி வருகிறது. உங்கள் நண்பரைக் குறை சொல்ல முடியாது, ஆய்வாளர்களே இந்த இரண்டையும் ரொம்ப காலம் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். (காமனின் அறிவியல் பெயர் அலோபியாஸ் வல்பினஸ். இரண்டு சொல்லுக்கும் நரி என்றுதான் பொருள், நரி நரி!)

அலைவாய்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துடுப்புக்கு மேல் சுத்தமாக நீலம், ஒரு பொட்டு வெள்ளை இல்லை. நண்பருக்கு அனுப்பிவிட்டேன். "ஃபிளாஷ் சரியாக விழவில்லை" என்கிறார்.