நடைப்பயிற்சி 11 நாளோடு நின்றுவிட்டது, ஆர்வமே வரவில்லை, என்ன செய்வது?

குரோம்பேட்டைக்காரன்:
வயது 41. சர்க்கரை இருப்பது செப்டம்பர் கடைசியில்தான் தெரிந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.6. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு தினமும் நடங்க என்றார். பயத்தில் 3,500 ரூபாய்க்கு ஷூ வாங்கி, காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன், சரியாகப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் மழை. அதற்கடுத்த நாள் ஆடிட் வேலை, வீடு திரும்ப ராத்திரி பத்தரை. அதோடு சரி. ஷூ இப்போது கட்டிலுக்கு அடியில், கரப்பான்பூச்சி குடியேறாத குறை. படுக்கும்போது நாளையிலிருந்து நிச்சயம் என்று சத்தியம் செய்கிறேன், காலையில் அலாரத்தை அணைக்கும் கை யாருடையது என்றே தெரியவில்லை. யூடியூபில் ஊக்கப் பேச்சு கேட்டால் ஒரு மணி நேரம் ரத்தம் சூடாகிறது, அப்புறம் பழையபடி. மனசே வராத நாளில் நீங்கள் எப்படிக் கிளம்புகிறீர்கள்? 21 நாள் தாண்டினால் பழகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பழைய சைக்கிள்:
21 நாளை மறந்துவிடுங்கள். 1960-இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது அது. ஆபரேஷனுக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் சொன்னதில் அந்தக் 'குறைந்தது' எங்கேயோ தொலைந்து, எல்லாப் பழக்கத்துக்கும் பொதுவிதி ஆகிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. அதில் நடுவாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. தண்ணீர் குடிப்பது மாதிரிச் சின்ன விஷயம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது, உடற்பயிற்சிக்கு நாளாகிறது. உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. உங்கள் மழை நாளும் அப்படித்தான்.

மாடிவீட்டு அக்கா:
ஐந்து மணி, ஐந்து கிலோமீட்டர், இரண்டுமே பயத்தில் போட்ட கணக்கு தம்பி. எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம், காலையில் நான் நடப்பதே இல்லை, அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் குக்கர் வைத்ததுதான் சட்டம். ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், கை ஈரம் காயும் முன்னால் செருப்பை மாட்டிவிடுவேன். உட்கார்ந்து யோசித்தால் டிவி ஜெயித்துவிடும். பத்து நிமிடம், தெருவில் இரண்டு சுற்று, மழை என்றால் வராந்தாவிலேயே. சாப்பிட்டதும் நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்குப் பிறகான ஏற்றம் குறையும், என் மீட்டரிலேயே பார்த்திருக்கிறேன். நடந்த நிமிடத்தைத் தினசரி காலண்டர் தாளில் எழுதிவைப்பேன். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு மாதம் வெறும் தாளாகவே கிழித்தேன். வீடு திரும்பிய ராத்திரி மறுபடி தட்டு, செருப்பு.

நைட் ஷிப்ட்:
கொஞ்சம் மாறுபடுகிறேன். பத்தரைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவரை ஐந்துக்கு எழுப்பினால் யாருக்குத்தான் மனசு வரும்? முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. வேலை அமுக்கும் நாளில் அஞ்சே நிமிடம் நடந்துவிட்டு மீதியை சனி ஞாயிறில் ஈடுகட்டுகிறேன், வாரக் கணக்குதான் எனக்குக் கணக்கு. அப்புறம், வெறுங்காலில் நடக்காதீர்கள், திரும்பியதும் விரல் இடுக்கிலெல்லாம் புண் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாத்திரைகளில் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும், உங்களுடையது அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னதில் ஒரு சிக்கல், எங்கள் வீட்டில் தட்டு கழுவுவது மனைவி. நேற்று நான் கழுவுகிறேன் என்று எழுந்ததும் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். கழுவினேன், செருப்பை மாட்டினேன், தெருமுனை மெடிக்கல் ஷாப் வரை போய்த் திரும்பினேன், 12 நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் நாய் துரத்தியதில் ஓட்டம். காலண்டரில் அதைத் தனியாக எழுதணுமா அக்கா?