நீடித்த வளர்ச்சி என்றால் எதையாவது இழந்தே ஆக வேண்டுமா?

நடுப்பகல்:
"வளர்ச்சி வேண்டுமா, சுற்றுச்சூழல் வேண்டுமா" என்ற கேள்வியே தப்பு என்பது என் கட்சி. 1987ல் ஐநா அமைத்த ப்ருண்ட்லாண்ட் குழு நீடித்த வளர்ச்சி பற்றிச் சொன்னதே, இன்றைக்கு இருப்பவர்களின் தேவையையும் கவனிக்கலாம், பின்னால் வருகிறவர்களின் பங்கிலும் கைவைக்க வேண்டாம் என்றுதான். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்பது பெரும்பாலும் ஒழுங்காகத் திட்டம் போடத் தெரியாதவர்களின் சாக்கு. ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் எஞ்சின் போய்விடும், செலவு ஏறிவிடும் என்று என்னவெல்லாம் பயமுறுத்தினார்கள். கடைசியாக 2021ல் அல்ஜீரியாவும் நிறுத்திவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? குழந்தைகளின் மூளை தப்பித்தது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
ஈயத்துக்கு மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதனால் உங்களுக்கு வசதியாகப் போயிற்று. 2015ல் ஐநா போட்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளையே பாருங்கள். மிகவும் பின்தங்கிய நாடுகள் ஆண்டுக்கு 7 சதவீதமாவது வளர வேண்டும் என்கிறது எட்டாவது. காலநிலையைக் காப்பாற்று என்கிறது பதின்மூன்றாவது. பள்ளி, பாலம், சாக்கடை எதைக் கட்டினாலும் சிமென்ட் வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வரும், சூளைக்கு நீங்கள் சூரிய மின்சாரமே கொடுத்தாலும். இது திட்டக்கோளாறு இல்லை நண்பரே, வேதியியல். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் எப்படி?

ஈரமண்:
நான் பார்த்ததைச் சொல்கிறேன். டீசல் பம்பு இருந்தவரை விவசாயி காதைத் தீட்டிக்கொண்டே இருப்பார், வயல் நனைந்ததும் ஓடிப்போய் நிறுத்துவார், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் காசு. சூரிய பம்பு வந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, எரிபொருள் செலவு இல்லை. காலையில் வெயில் ஏறியதும் ஓட ஆரம்பித்தால் சாயும்வரை ஓடுகிறது, நிறுத்த யாருக்கும் அவசரமில்லை. வரப்பைத் தாண்டித் தண்ணீர் வழிகிறது, கிணற்றில் மட்டம் இறங்குகிறது. காலநிலைக் கணக்கில் வரவு, நிலத்தடி நீர்க் கணக்கில் பற்று.

நடுப்பகல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், அது பம்பின் குற்றமா? மிஞ்சிய மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு விற்க வழி செய்து கொடுத்தால், வீணாக இறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நஷ்டம், தானாகவே நிறுத்துவார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கணக்குப்பிள்ளை:
நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறைக்கிற தண்ணீர் குறைந்தால் யாரோ ஒருவர் தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிரை விட்டுத்தானே ஆக வேண்டும்? அந்த இழப்புக்கு நீங்கள் மின்சாரக் காசால் ஈடு கட்டுகிறீர்கள், இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்று. ஓசோனைக் காப்பாற்ற 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு, குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த சிஎஃப்சி வாயுவை ஒழித்தோம், பெரிய வெற்றிதான். அதன் இடத்தில் வந்த எச்எஃப்சி வாயு ஓசோனைத் தொடவில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் படுகெட்டி. அதைக் குறைக்க 2016ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் திரும்பப் பேச உட்கார வேண்டியிருந்தது.

நடுப்பகல்:
உட்கார்ந்தார்கள் இல்லையா? சிக்கல் வந்தால் அவிழ்க்கலாம் என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி :)

ஈரமண்:
இரண்டு பேரும் "நாம் இழக்கிறோம்", "நாம் சமாளிக்கலாம்" என்று எழுதுகிறீர்கள். யார் அந்த நாம்? சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை 22,500 மெகாவாட், நிலக்கரி எரிக்காத மின்சாரம். அதற்காக வீட்டைவிட்டு எழுந்து போனவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். விளக்கு எரிவது ஒரு ஊரில், வீடு முழுகுவது வேறு ஊரில். வண்டல் அணைக்குள்ளேயே படிந்துவிடுவதால் கீழே கழிமுகத்துக்கு மண் போய்ச் சேருவது குறைகிறது, அங்கிருப்பவரை யார் கேட்டார்கள்? கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் அதற்குச் சமரசம் என்று பெயர்.

நடுப்பகல்:
சரி, அணையில் எனக்குப் பதில் இல்லை. இடம்பெயர்ந்தவருக்கு நிலம் கொடுக்கலாம், கோயிலும் ஆறும் அக்கம்பக்கமும் கொடுக்க முடியாது. ஆனால் சிமென்ட் விஷயத்தில் விடமாட்டேன். வெளியேறும் வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் செலுத்தும் வழி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது. பிடிக்கவும், அழுத்தவும், உள்ளே தள்ளவும் ஆகும் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று எழுதுங்கள். அணை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.