ரஸ்ஸல், பென் வாலஸ், கோபேர்: எந்த அளவுகோலில் ஒப்பிடுவது?

நண்பர்களே, தடுப்பாட்டத்துக்குப் பேர்போன என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சென்டர்களை, அதாவது வளையத்தடியில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்களை, காலம் எதுவானாலும், ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பில் ரஸ்ஸலிடமே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 13 சீசனில் 11 பட்டம். ஆனால் லீக் பிளாக் (எதிரணியின் ஷாட்டைத் தட்டித் தடுப்பது) கணக்கை எழுத ஆரம்பித்ததே 1973-74இல்தான். அவர் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆட்டத்துக்கு 22.5 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) என்ற அவருடைய சராசரியையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அன்று தவறிய ஷாட்டுகள் அவ்வளவு அதிகம்.

அப்புறம் முட்டோம்போ, வாலஸ், கோபேர். மூவருக்கும் தலா 4 முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. வாலஸ் 2004இல் டெட்ராய்டோடு பட்டம் வென்றவர், ஆனால் அவருடைய ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) பாதிகூட உள்ளே போகாது. இதற்கு எவ்வளவு கழிப்பது?

2021 பிளேஆஃபில் (பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளில்) கோபேர் வளையத்தடியில் நிற்க, எதிரணியான கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மான் மூலையிலிருந்து மூன்று புள்ளி ஷாட்டுகளும் அடித்து, மொத்தம் 39 புள்ளி எடுத்தார். அதற்குக் கோபேரைக் குறை சொல்வது அநியாயம் என்பேன். வெளியே சக ஆட்டக்காரர்களின் காவல் உடைந்ததால்தான் அவர் உள்ளே நிற்க வேண்டியிருந்தது.

என் மனசு ரஸ்ஸல் பக்கம்தான். சக காலத்து அணிகளைவிட அவரவர் அணி எவ்வளவு குறைவாகப் புள்ளி விட்டது என்று பார்த்தால் போதுமா? 2001-02இல் வந்த தடுப்பு மூன்று விநாடி விதிக்கு (யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடிப் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் தடுப்பாட்டக்காரர் நிற்கக் கூடாது) முன், பின் என்று பிரிக்க வேண்டுமா?