காலாங் ஆற்றை "மக்கள் மீட்டாங்க"ளாம்! அப்போ மீதி ஏழு கிலோமீட்டர் எங்கே?

கோலாம்ஆயர்க்காரன்:
சிங்கப்பூர்ல எங்க வட்டாரக் கூட்டத்துல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, "பீஷான்ல அக்கம்பக்கத்து மக்கள் கைகோத்து காலாங் ஆற்றையே மீட்டெடுத்தாங்க, நம்ம கால்வாயையும் அப்படியே மீட்போம்"னு முழங்கினாரு. அரங்கமே கைதட்டுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துலேர்ந்து காலாங் படுகை வரைக்கும் ஆறு சுமார் 10 கிலோமீட்டர். பீஷான் - அங் மோ கியோ பூங்காவுல கான்கிரீட் கால்வாயை உடைச்சு மறுபடி ஆறாக்கினது 2.7 கிலோமீட்டர். அதைச் செஞ்சது தண்ணியையும் வடிகாலையும் பார்த்துக்கிற பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும். 2012ல திறந்தாங்க. எந்த அக்கம்பக்கம் கடப்பாரையைத் தூக்குச்சு? மீதி ஏழு கிலோமீட்டர் எங்கே?

பசுமைப்புளோக்:
ஐயா, முதல்ல எண்ணைச் சரியாச் சொல்லுங்க. 3.2 கிலோமீட்டர். பூங்காவுல இருக்கிற தகவல் பலகையைப் படிச்சிட்டு வாங்க. கான்கிரீட்டை எடுத்ததோட ஆறு பிழைச்சிடாது. அதுக்கப்புறம் வாராவாரம் கரையோரம் போத்தலும் பிளாஸ்டிக் பையும் பொறுக்குறது யாரு? நாங்க. எங்க தொண்டூழியர்கள்.

கோலாம்ஆயர்க்காரன்:
2.7.

பசுமைப்புளோக்:
3.2.

வடிகால்வேந்தன்:
இரண்டும் சரி. பழைய நேர்க்கால்வாய் 2.7 கிலோமீட்டர். அதை வளைத்து நெளித்து ஆறாக விட்டதால் நீளம் 3.2 ஆனது. சண்டை போட வேறு விஷயமா இல்லை? அந்த இடத்தில் அது ஏன் சாத்தியமானது என்று பேசுங்கள். 62 ஹெக்டர் பூங்கா பக்கத்திலேயே கிடந்தது. புல்லும் கல்லும் உள்ள ஆற்றில் தண்ணீர் கான்கிரீட்டில் ஓடும் வேகத்தில் ஓடாது. அதே மழைநீரைக் கடத்த அகலம் பல மடங்கு வேண்டும். பெருமழையில் பீஷானில் ஆறு 100 மீட்டர் வரை விரிகிறது, பூங்காவே வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. கரை அரிக்காமல் இருக்க எந்தச் செடி, எந்தக் கட்டு தாங்கும் என்று 2009-லேயே ஒரு சின்ன வடிகாலில் போட்டுப் பார்த்தார்கள். கைகோத்து நின்றால் மண் நிற்காது.

கோலாம்ஆயர்க்காரன்:
அப்போ 2.7தான். வேந்தன் தம்பியே சொல்லிட்டாரு.

பசுமைப்புளோக்:
அவர் இரண்டும் சரின்னுதான் சொன்னார். உங்களுக்கு வேண்டியது மட்டும் காதில் விழுது.

கோலாம்ஆயர்க்காரன்:
உடைச்சது 2.7. நான் கேட்டது உடைச்சதைப் பத்தி. இன்னொண்ணு. மக்கள் மீட்டாங்கன்னா 1977ஐச் சொல்லுங்க. அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்புல அப்போ பிரதமரா இருந்த லீ குவான் யூ, பத்து வருஷத்துல சிங்கப்பூர் ஆத்துலயும் காலாங் ஆத்துலயும் மீன் பிடிக்கணும்னு சொன்னாரு. 1987ல முடிச்சுக் காட்டினாங்க. அதுக்குள்ள 26,000 குடும்பம் இடம் மாறுச்சு. காலாங் படுகையில மட்டும் 610 பன்றிப் பண்ணை, 500 வாத்துப் பண்ணை போச்சு. கம்பத்துல, அதான் அந்தக் காலத்துக் கிராமத்துல, பிறந்து வளர்ந்தவங்க ஒரே மூச்சுல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்கு ஏறினாங்க. விலை கொடுத்தது அவங்க. அவங்க பேரை அந்த மேடையில ஒருத்தரும் எடுக்கலே. ஞாயித்துக்கிழமை காலையில கையுறை மாட்டிப் படம் எடுத்தவங்களுக்குத்தான் மாலை.

பசுமைப்புளோக்:
நான் படம் எடுக்கப் போறவ இல்ல. இதை நீங்க போன வருஷமும் சொன்னீங்க, குடியிருப்பாளர் குழுக் கூட்டத்துல, எல்லார் முன்னாலயும். மறக்கல.

ஜூரோங்ஜீவா:
ஐயா சொல்றதுல பாதி நியாயம். ஆனா அந்தப் பண்ணைக் கழிவெல்லாம் ஆத்துலதானே கலந்துச்சு? கெடுத்தவங்களுக்கும் சேர்த்தா மாலை போடச் சொல்றீங்க?

கோலாம்ஆயர்க்காரன்:
கெடுத்தவங்களா? கழிவுக் குழாய் போட்டுக் கொடுக்காத இடத்துல குடியிருந்தவங்க வேற எங்க ஊத்துவாங்க? எங்க அப்பா, அம்மா தலைமுறை அது. வார்த்தையைப் பார்த்துப் போடுங்க, தம்பி.

அடையாறுவாசி:
சென்னையிலேர்ந்து வந்தவன் சொல்றேன். கூவத்தைப் பார்த்தவனுக்கு இந்த 2.7ஏ பெருசு. யார் செஞ்சா என்ன சார்?

ஜூரோங்ஜீவா:
ஆரம்பிச்சிட்டாருய்யா கூவத்தை. எந்தத் திரியானாலும் அங்க கொண்டுபோய் நிறுத்திடுவாரு.

அடையாறுவாசி:
நான் வரி கட்டுறேன், இங்கதான் வாழறேன், பேசுவேன். யார் செஞ்சாங்கன்னு கேக்காம விட்டதாலதான் அங்க அப்படிக் கிடக்குதுன்னு நீங்க சொன்னாக்கூட ஏத்துப்பேன். பேசவே கூடாதுன்னா எப்படி?

பசுமைப்புளோக்:
விஷயத்துக்கு வாங்க. இந்தத் தீவுல மூணுல இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. காலாங் ஆறு போய்ச் சேர்றது மரீனா நீர்த்தேக்கம். அதோட நீர்ப்பிடிப்பு மட்டும் 10,000 ஹெக்டர், தீவுல ஆறுல ஒரு பங்கு. நம்ம அடுக்குமாடி புளோக் கீழ இருக்கிற லோங்காங்குல, அதான் வடிகால்ல, ஒருத்தர் சாயத் தண்ணியைக் கொட்டினா அது கழிவுநீர்க் குழாய்க்குப் போகாது. மழைநீர் வடிகால் தனி, கழிவுநீர்க் குழாய் தனி. கொட்டினது நேரா ஆத்துக்கு, அங்கேர்ந்து நம்ம குடிநீருக்கு. இதை எந்தக் கழகம் வந்து ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் காவல் காக்கும்? பக்கத்து வீட்டுக்காரங்க எடுத்துச் சொன்னாத்தான் நடக்கும். 1998லேர்ந்து வாட்டர்வேய்ஸ் வாட்ச் சொசைட்டிங்கிற தொண்டூழியர் அமைப்பு கயாக் படகுலயும் சைக்கிள்லயும் போய் இதைத்தான் செய்யுது. அவங்க மக்கள் இல்லையா?

கோலாம்ஆயர்க்காரன்:
குப்பை பொறுக்குறதை நான் குறை சொல்லலே. பொறுக்குறது வேற, மீட்கிறது வேற. மீதி ஏழு கிலோமீட்டர்ல எவ்வளவு கான்கிரீட் இருக்குன்னு போய்ப் பாருங்க. இதே ஆத்தங்கரையில இருக்கிற எங்க கோலாம் ஆயர்ல மிதவை மேடை போட்டாங்க, செடி வச்சாங்க. கண்ணுக்கு அழகுதான். ஆறு வளையுதா? நெளியுதா?

வடிகால்வேந்தன்:
வளைக்க அங்கே இடம் எங்கே? இரண்டு பக்கமும் வீடுகள், சாலைகள், குறுக்கே விரைவுச்சாலைப் பாலம். கரையைச் சரித்தால் எந்த புளோக்கை இடிப்பது என்று நீங்களே கைகாட்டுங்கள். வடிகால்களையும் ஆறுகளையும் அழகாக, சுத்தமாக, மக்கள் புழங்கும் இடமாக மாற்ற 2006-ல் தொடங்கிய ஏபிசி நீர்த்திட்டத்தில் முழு ஆற்றுக்கும் பீஷான் மாதிரி செய்வோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மேலே மழைநீரை மெதுவாக்குவதுதான் அடுத்த வேலை. கார்நிறுத்தம், கூரை, நடைபாதை ஓரம் எல்லாம் மழைத்தோட்டம், செடிவரிப் பள்ளம், அதாவது மழைநீரைத் தேக்கி வடிகட்டி மெதுவாக விடும் செடிப்பாத்திகள். அதற்குக் குடியிருப்பாளர்கள் சம்மதம் வேண்டும். அங்கேதான் மக்கள் வருகிறார்கள்.

கோலாம்ஆயர்க்காரன்:
ஆக மீதி ஏழு கிலோமீட்டர் நடக்காதுன்னு ஒத்துக்கிறீங்க. அதைத்தான் அந்த மேடையில சொல்லியிருக்கணும். "ஆற்றையே மீட்டெடுத்தாங்க"ன்னு சொல்லக் கூடாது. கால்வாசியை மீட்டு முழு ஆத்துக்கும் பேர் வாங்கக் கூடாது.

பசுமைப்புளோக்:
3.2ன்னா கால்வாசிக்கு மேல.

ஜூரோங்ஜீவா:
அதெல்லாம் விடுங்க. நீர்நாயைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. எங்க மாமா வீட்டுக் குளத்துல கோய் அலங்கார மீனெல்லாம் ஒரே ராத்திரியில காலி. ஆத்தை மீட்டு எங்க மீனைக் கொடுத்துட்டீங்க.

பசுமைப்புளோக்:
நீர்நாய் தானா வந்துச்சு. தண்ணியில மீன் இருந்தா வரும். 1977ல கேட்டதும் அதுதானே, மீன்! குளத்துக்கு வலை போடச் சொல்லுங்க மாமாவை.

ஜூரோங்ஜீவா:
வலை போட்டும் வருது தங்கச்சி. உங்களுக்குக் கோய் விலை தெரியாது.

அடையாறுவாசி:
மீன்னு வந்ததால சொல்றேன். விசாக தினத்துல சிலர் மீனையும் ஆமையையும் வாங்கிக்கொண்டு வந்து தண்ணில விடுறாங்க. விடாதீங்கன்னு தேசியப் பூங்காக் கழகம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. நம்மாளுங்களும் சளைச்சவங்க இல்ல. பூஜை மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரத் தட்டு, எல்லாம் கரையில.

கோலாம்ஆயர்க்காரன்:
நம்ம மாலை பூவும் நாரும். மக்கிப் போகும். அதை பிளாஸ்டிக்கோட சேர்க்காதீங்க.

பசுமைப்புளோக்:
நார் எங்க இருக்கு? இப்போ நூலும் ஜிகினாவும்தான். என் கையால எடுத்திருக்கேன். அழுகற பூ தண்ணில இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கும், மீன் செத்து மிதக்கும். இதைச் சொன்னா மட்டும் உங்களுக்குக் கோபம் வருது. கம்பத்துக்காரங்களைச் சொன்னாலும் வருது. எங்களைச் சொல்லும்போது மட்டும் வர மாட்டேங்குது.

கோலாம்ஆயர்க்காரன்:
கோயில் விஷயத்தை இழுத்தது நான் இல்ல. நான் கேட்டது ஒண்ணுதான், மீதி ஏழு கிலோமீட்டர். இத்தனை பதிவுல ஒருத்தரும் பதில் சொல்லலே.

வடிகால்வேந்தன்:
நான் சொன்னேன். மேலே போய்ப் படியுங்கள்.

கோலாம்ஆயர்க்காரன்:
நீங்க சொன்னது காரணம், பதில் இல்ல. அந்தப் பேச்சாளர் பேசினதை எழுதி வச்சிருக்கேன். அடுத்த கூட்டத்துல எழுந்து கேட்கத்தான் போறேன்.

பசுமைப்புளோக்:
தாராளமாக் கேளுங்க. அப்படியே 26,000 குடும்பத்தைப் பத்தியும் மைக்குல சொல்லுங்க, நான் முன்வரிசையில உட்கார்ந்து கேட்கிறேன். ஆனா 2.7ன்னு சொன்னீங்கன்னா அங்கேயே எழுந்து திருத்துவேன்.

ஜூரோங்ஜீவா:
கூட்டத்துல நீர்நாய்க்கும் அஞ்சு நிமிஷம் ஒதுக்கச் சொல்லுங்க. மாமாவையும் கூட்டிட்டு வர்றேன்.