20 வருடத்துக்கு மேற்பட்ட ஹார்ட் பூட்: லைனர் மாற்றினால் போதுமா, ஷெல்லையே விடவேண்டுமா?

பேர்ண்_கார்வர்

வணக்கம். ஆல்பைன் போர்டுக்கான (சாய்ந்து வளைந்து ஓடுற ஒடுக்கமான ஸ்னோபோர்டு) ஹார்ட் சப்பாத்து ஒரு சோடி பற்றிக் கேட்கிறன். வெளியால கடினமான பிளாஸ்டிக் ஷெல், உள்ளே மெத்தை லைனர். ரைக்லே கம்பெனி, நாலு பக்கிள், இன்டெக் ஹீல் (மிதித்தாலே போர்டில் பூட்டுற குதி). புரோக்கியில் (பழைய சாமான் கடை) 60 பிராங்குக்கு எடுத்தது. வெளியால பார்க்க நல்ல நிலை, வெடிப்பு ஒன்றும் தெரியேல்லை. லைனர்தான் தட்டையாகிப் போச்சு. பக்கிளைக் கடைசிப் பல்லில் போட்டாலும் குதி எழும்புது. புதுத் தெர்மோ லைனர் (சூடாக்கிக் காலுக்கு வார்க்கிறது) போடலாம் என்று பார்த்தால் அதுவே 200 பிராங்குக்கு மேல வருது. அவ்வளவு காசு போட்டால் ஷெல் இன்னும் சில சீசன் தாங்குமா? அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கா? இன்னொன்று, பின்கால் சப்பாத்தின் கேபிள் கைப்பிடி (போர்டிலிருந்து காலை விடுவிக்கிறது) இழுக்கச் சரியான இறுக்கமாக இருக்கு. பைண்டிங் (சப்பாத்தைப் போர்டில் பிடிக்கிற தகடு) எஃப்2 கம்பெனி, கால் வைக்கிற கோணம் முன் 60 பாகை, பின் 57.

தகடு_பைண்டிங்

லைனரை இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் ஷெல்லின் வயதைப் பாருங்கள். லைனரையும் அடியில் கிடக்கும் பூட் போர்டையும் (கால் ஊன்றும் பலகை) வெளியே எடுத்துவிட்டு, டார்ச் அடித்து உட்புறம் தேடுங்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்ட முத்திரை பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டிருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, அதன் இரு பக்கமும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். அம்பு காட்டுவது வார்த்த மாதம். கீழ் ஷெல்லுக்கும் மேல் கஃபுக்கும் (கணுக்காலுக்கு மேல் சுற்றும் பகுதி) தனித்தனி முத்திரை இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

ரைக்லே கிரொய்ஸ்லிங்கனில் இருந்த சுவிஸ் கம்பெனி. அதன் ஸ்னோபோர்டு பூட் வரிசைதான் பிறகு டீலக்ஸ் என்ற பெயருக்கு மாறியது. ஆகவே ரைக்லே என்று எழுதியிருந்தாலே 20 வருடத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த ஷெல்கள் பெரும்பாலும் பாலியூரித்தேன். அதிலும் பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேனை ஈரம் மெல்ல மெல்ல அறுக்கும். நீராற்பகுப்பு என்பது இதுதான்: நீர் மூலக்கூறு எஸ்டர் பிணைப்பை உடைக்கிறது, உடைந்த இடத்தில் அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதை இன்னும் வேகப்படுத்துகிறது. வெப்பம் கூடினால் வேகம் கூடும். இதற்கு நீங்கள் பூட்டைப் போட்டு ஓடவேண்டும் என்றே இல்லை. பெட்டிக்குள் சும்மா கிடந்த ஜோடியும் கெடும். மலையேறுபவர்களின் பழைய பிளாஸ்டிக் டபுள் பூட்டுகள் அதிகம் பாவிக்காமலேயே திடீரென நொறுங்கியது இதே காரணத்தால்தான்.

ஸ்கீ பூட் உடைந்தால் பெரும்பாலும் பைண்டிங் கழன்று இரண்டு காலும் தனித்தனியாகிவிடும். நம் தகடு பைண்டிங் கழலாது. ஒரு பூட் உடைந்து அந்தக் கால் விடுபட்டால், மற்றக் கால் போர்டோடு பிணைந்தபடியே முறுகும். முழங்காலும் கணுக்காலும் தாங்காது. அதனால்தான் இதில் நான் கறாராக இருக்கிறேன்.

ஒக்கனகன்

வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. எல்லா ஷெல்லும் பாலியெஸ்டர் வகை இல்லை. பாலியீத்தர் வகை நீருக்கு நன்றாகத் தாங்கும். வைத்திருந்த இடமும் பெரிய வித்தியாசம் செய்யும். உலர்ந்த, குளிர்ச்சியான நிலவறையில் கிடந்ததும், கோடையில் கார் டிக்கியில் வெந்ததும் ஒன்றல்ல. முத்திரை பார்த்த பிறகு இதையும் செய்யுங்கள்.

பூட்டை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு கட்டைவிரலால் உட்புறச் சுவரை அழுத்தித் தேய்க்கவேண்டும். பிசுபிசுப்பு இருந்தாலோ மாவு போல் ஏதாவது ஒட்டினாலோ அங்கேயே கதை முடிந்தது. அடுத்து கஃபை முன்னும் பின்னும் வளைத்தபடி கணுக்கால் ரிவெட்டைச் சுற்றிப் பாருங்கள். வெண்மையான கோடோ நிழலோ தோன்றினால் அது வெடிப்பின் தொடக்கம். அதே கண்ணோடு பின்பக்க ஃபார்வர்ட் லீன் பொறியின் (கஃபின் முன்சாய்வை நிறுத்துவது) திருகுத் துளைகள், பக்கிள் ரிவெட்டின் அடி, விரல் பக்கம் பெயில் (பைண்டிங்கின் கம்பி வளையம்) உட்காரும் விளிம்பு, ஹீல் திருகுகள் பிடிக்கும் இடம் ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். உடைவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். பின்கால் பூட்டைக் கூடுதலாகக் கவனியுங்கள். லிஃப்டுக்கு லிஃப்ட் அதைத்தான் கழற்றி மாட்டுகிறோம், அதைத்தான் கல்லிலும் தாரிலும் ஊன்றுகிறோம். விரல் விளிம்பு தேய்ந்து வளைவாகிவிட்டால் பெயில் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

இந்த மஞ்சள் நிறத்தைப் பற்றிப் பலர் பயப்படுவார்கள். வெள்ளை ஷெல் மஞ்சளாவது வெயிலின் புற ஊதாக் கதிரால். பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். அதை மட்டும் வைத்து எறியத் தேவையில்லை.

தகடு_பைண்டிங்

சோதனைகள் சரி. ஆனால் அவை "கெட்டது" என்று சொல்லும், "நல்லது" என்று சொல்லாது. வெளியில் ஓர் அடையாளமும் காட்டாமல் உடைந்த ஷெல்கள்தான் ஆபத்தானவை. அறை வெப்பத்தில் இலகுவாக வளைவது மைனஸ் 15-இல் அப்படி வளையும் என்று நம்பவும் முடியாது. எந்த வகை பாலியூரித்தேன் என்று தெரியாத, எங்கே கிடந்தது என்றும் தெரியாத பழைய பொருள் இது. எனக்கு அந்த ஐயம் ஒன்றே போதும்.

குளிர்மலை

கைப்பிடி இறுக்கம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இன்டெக்கில் ஹீலின் இரு பக்கமும் ஊசிகள், உள்ளே ஸ்பிரிங், அதிலிருந்து கேபிள் பூட்டின் பின்பக்கமாக மேலே ஏறிக் கைப்பிடிக்கு வருகிறது. இறுக்கத்துக்கு மூன்று காரணம் இருக்கும்: கேபிள் உறைக்குள் துரு, கேபிள் இழை பிரிந்து உறையில் சிக்குவது, அல்லது ஊசித் துளையில் மணலும் பழைய கிரீஸும் சேர்ந்து கட்டியாவது. ஹீலைக் கழற்றி, ஊசிகளைச் சுத்தம் செய்து, குளிரில் கட்டியாகாத சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடவேண்டும். மேலே அறுந்தால் மலையடிவாரத்தில் போர்டிலிருந்து காலை எடுக்கவே முடியாமல் நிற்பீர்கள்.

திரும்பப் பூட்டும்போது நீல நிற லாக்டைட்டை (திருகு தளராமல் பிடிக்கும் பசை) உலோகத்தில் உலோகம் ஏறும் புரியில் மட்டும், ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் வழியவிடாதீர்கள். அந்தத் திரவமே சில பிளாஸ்டிக்கில் வெடிப்பு உண்டாக்கும்.

இன்னொன்று: லைனருக்குக் காசு போடுமுன் ஷெல் அளவு பாருங்கள். லைனர் இல்லாமல் வெறுங்காலை ஷெல்லுக்குள் விட்டு, விரல் நுனி முன்சுவரைத் தொடும்வரை தள்ளுங்கள். குதிக்குப் பின்னால் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி இருந்தால் கச்சிதம். 20 தாண்டினால் தளர்வு. 25-க்கு மேல் போனால் எந்த லைனரும் குதியைப் பிடித்து வைக்காது. அதற்காகப் பக்கிளை மேலும் மேலும் முறுக்கினால் ஏணிப் பற்கள் உடையும், ஷெல்லின் மடிப்பும் உருக்குலையும்.

பேர்ண்_கார்வர்

எல்லாருக்கும் நன்றி. முத்திரை கிடைச்சுது: இரண்டு சப்பாத்திலயும் 99. பின்கால் சப்பாத்தின் உட்சுவர், ரிவெட்டுக்குக் கீழ, கொஞ்சம் பிசுக்கென்றுதான் இருக்கு. குதி இடைவெளி 27 மி.மீ. அப்ப இதை விடுறன். புதுசு எடுத்தால் பைண்டிங்கில் என்ன மாற்றவேணும்? சும்மா கிடக்கிற ஸ்கீ பூட்டைப் போட்டு ஓடலாமா?

ஒக்கனகன்

பிசுக்கு இருக்கிறது என்றால் நானும் விடத்தான் சொல்வேன்.

ஸ்கீ பூட் பழைய தட்டையான அடி என்றால் பெயிலில் உட்காரும். கிரிப்வாக் போன்ற வளைந்த ரப்பர் அடி சரியாக உட்காராது, ஆகவே அது வேண்டாம். உட்கார்ந்தாலும் ஸ்கீ பூட்டின் குதி பின்னால் நீளமாக இருக்கும். குறுகிய போர்டில் சாய்த்து ஓடும்போது பனியில் உரசும். பக்கவாட்டில் அசைய விடாது. இன்டெக் ஹீலும் போட முடியாது. புதிதாக எடுப்பதென்றால் டீலக்ஸ் டிராக் வரிசை, யூபிஇஸட் ஆர்சி வரிசை, மவுண்டன் ஸ்லோப் ஆகியவற்றைப் பாருங்கள். இன்டெக் ஹீல் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதனால் அந்தப் பூட்டுக்கு உரியதைச் சேர்த்தே கேளுங்கள். உங்கள் பழைய ஹீலையும் பக்கிள்களையும் எறியவேண்டாம். டீலக்ஸுக்குப் பெரும்பாலும் உதிரியாக உதவும்.

குளிர்மலை

பைண்டிங்கில் முதலில் கவனிக்கவேண்டியது பூட்டின் அடிப்பாக நீளம். ஷெல்லின் பக்கத்தில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும். காலின் அளவு ஒன்றாக இருந்தாலும் கம்பெனி மாறினால் இது மாறும். யூபிஇஸட் குட்டையாக வரும், உள்ளே குதி உயரமும் கூடுதல். அதனால் பெயில்களை நகர்த்திய பிறகு பூட்டின் நடுவை மறுபடி போர்டின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, பின்கால் குதிக்குக் கீழ் வைத்த ஆப்பைக் குறைக்க வேண்டியிருக்கும். இன்டெக் இல்லாத சாதாரண பைண்டிங் என்றால், விரல் பக்க லிவர் உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் மூடவேண்டும். இரண்டு விரலால் மூடினால் தளர்வு, முழங்காலை ஊன்றி மூடவேண்டியிருந்தால் ஷெல்லைப் பிழிகிறது.

தெர்மோ லைனரைக் கடையில் வார்ப்பது நல்லது. வீட்டில் என்றால் ஓவனில் 110 முதல் 120 பாகை, 10 முதல் 12 நிமிடம், விரல்களுக்கு மேல் தொப்பி, அடியில் உங்கள் இன்சோல். ஷெல்லுக்குள் போட்டுப் பக்கிளை மிதமாக மூடி, முழங்காலைச் சற்று மடித்து 10 நிமிடத்துக்கு மேல் அசையாமல் நில்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஓடி முடித்ததும் லைனரை வெளியே எடுத்துக் காயவையுங்கள், ஹீட்டர் மேல் அல்ல. கோடைக்கு மூட்டை கட்டும்போது பக்கிளை முதற் பல்லில் மூடி, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காற்றுப்படும் இடத்தில் வைக்கவேண்டும். காலையில் குளிர்ந்து விறைத்த ஷெல்லை இழுத்து விரிக்காதீர்கள். இரவு காரில் விடாமல் அறைக்குள் வைத்தாலே பாதி வெடிப்பு வராது.

மாட்டியதும் இன்டெக் கைப்பிடியைப் பாருங்கள். அது முழுதும் கீழே இறங்கியிருந்தால்தான் இரண்டு ஊசியும் தகட்டுக்குள் முழுசாகப் போயிருக்கின்றன. கொஞ்சம் மேலே நின்றால் குதிக்குக் கீழ் பனி கட்டியாகியிருக்கும். கழற்றித் தட்டிவிட்டு மறுபடி மிதியுங்கள்.